இரண்டு மணி

சரோஜம்மாள் வைத்த கெடு இரண்டு மணி. வெயில் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. ரோஜாவுக்கு நல்லது செய்கிற பெட்டியா, குழி பறிக்கிற பெட்டியா என்று அந்த நேரத்தில் தெரிந்துவிடும் என்று திருமலையிடம் போனில் சொல்லியிருந்தார். தெரிந்த பிறகு பெட்டி பாலிஹவுஸ் தூணில் இருக்கும், அல்லது திருமலையின் வேனில் இருக்கும்.

வேன் உத்தனப்பள்ளியைத் தாண்டும்போது பதினொன்றேகால். திருமலைதான் ஓட்டினார். ஓசூரில் மூன்று அறை எடுத்துக் கம்பெனி நடத்துகிறவர் அவர். ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரமான பாலிஹவுஸுக்குள் காற்றின் ஈரத்தை அளந்து, காய்ந்தால் ஃபாகரைத் திறந்து பனிபோலத் தண்ணீர் தூவி, போதுமென்றால் மூடிவிடும் பெட்டி. கம்பெனியின் ஒரே சரக்கு அதுதான். அந்தச் சாலையில் ரோஜா போட்டவர்கள் எல்லாரும் சரோஜம்மாள் தோட்டத்தில் என்ன நடக்கிறது என்று வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எதையும் வாங்குவார்கள். அவர் பெட்டியைக் கழற்றினால் அந்தச் சாலையில் திருமலை இனி டீ மட்டும்தான் குடிக்கலாம்.

பின்சீட்டில் அஸ்வினும் தர்ஷினியும். பெட்டிக்குள் ஓடும் புரோகிராம் அஸ்வின் எழுதியது. வயது முப்பத்தொன்று. மனைவி சுவேதா போய்ப் பதினாலு மாதம். அவன் வேலையில் குறை சொல்ல முடியாது. குறை ஒன்றே ஒன்றுதான்: எதைக் கேட்டாலும் ‘ம்’ என்பான். சரி என்பதற்கும் ம், வேண்டாம் என்பதற்கும் ம். டீயா காபியா என்றாலும் ம். ஆபீஸில் இரண்டையும் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். எது கைக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதைக் குடிப்பான். பாதி நேரம் அது தர்ஷினியின் டீயாக இருக்கும்.

தர்ஷினி சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. அவள் அப்பா சாத்தூரிலிருந்து ஓசூர் ஃபேக்டரிக்கு வந்தவர். மகள் ஓசூரில் பிறந்தும் ‘அண்ணே’ என்பதை விடவில்லை. மடியில் லேப்டாப், மூக்கில் கண்ணாடி, வாயில் ஓயாத பேச்சு. அஸ்வின் பேசாமல் விடும் பங்கையும் அவளே பேசிவிடுவதாகத் திருமலை சொல்வார்.

பாலிஹவுஸ் கதவைத் திறந்ததும் அவள் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. உள்ளே மார்கழி விடியல் மாதிரி இருந்தது. ஃபாகர் இரைந்துகொண்டே இருந்தது.

சரோஜம்மாள் கையில் கத்தரியுடன் நின்றார். ஒரு மொட்டை வெட்டி அஸ்வினின் முகத்துக்கு நேரே நீட்டினார். இதழ் நுனிகளில் தண்ணீர் முத்து முத்தாகத் தொங்கியது.

“பாரு தம்பி. புதன்கெழமைல இருந்து ஒம் பொட்டி இதுங்களக் குளிப்பாட்டிகினே இருக்குது. மொட்டுல தண்ணி நின்னா சாம்பல் பூத்துக்கும். பூத்ததுன்னா ஏரோப்ளேன் ஏறாது. பதினாலாந் தேதி லவ்வர்ஸ் டேக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான்.”

முதல் மூன்று வாரம் பெட்டி தங்கமாக வேலை செய்ததையும் அவரே சொன்னார். ஊரெல்லாம் மெச்சிப் பேசிவிட்டாராம். அந்தத் திருஷ்டிதான் என்றார். இப்போது வால்வை ஆள் வைத்து மூடச் சொல்லியிருப்பதாகவும், ஆள் வைத்து மூடுவதற்குப் பெட்டி எதற்கு என்றும் கேட்டார். திருமலை ஒரு செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியின் சின்னத் திரையில் ஈரம் ஐம்பத்து மூன்று என்றிருந்தது. அறுபத்தைந்துக்குக் கீழே போனால் ஃபாகரைத் திறக்க வேண்டும் என்பது கட்டளை. பெட்டி சொன்ன சொல் தவறாமல் திறந்து வைத்திருந்தது. துணியைப் பிழிந்தால் தண்ணீர் வரும் காற்றில் ஐம்பத்து மூன்று என்பதுதான் உதைத்தது.

அஸ்வின் தூணைப் பார்த்தான். தலைக்கு மேலே, அவன் வைத்த சென்சார் இருந்தது. முழங்கால் உயரத்தில் அதேபோல இன்னொன்று இருந்தது.

“இது எப்ப?” என்றான்.

அவன் வாயிலிருந்து இரண்டு சொல் வந்ததில் தர்ஷினி நிமிர்ந்தாள். திருமலைக்கு அதைவிட ஆச்சரியம்.

“போன புதன்தான். அம்மா செடி மட்டத்துலயும் ஈரம் பாக்கணும்னாங்க. அதே நாலு கம்பியில இன்னொன்னயும் சேத்துக் கட்டிடட்டுமான்னு உனக்குப் போன் பண்ணிக் கேட்டன். நீ ‘ம்’ன” என்றார் அவர்.

அஸ்வினுக்குப் போன் வந்தது நினைவிருந்தது. கேள்வி நினைவில்லை.

அந்த நாலு கம்பியில் இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு பேச்சுக்கு. பேச்சுக் கம்பிகளில் ஒன்று தாளம் போடும், மற்றது தாளத்துக்குத் தப்பாமல் எண்ணைச் சொல்லும். இதற்கு ‘பஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே கம்பியில் எத்தனை சென்சார் வேண்டுமானாலும் ஏறலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர் வேண்டும். பெட்டி நம்பரைச் சொல்லிக் கூப்பிடும். அந்த நம்பர்காரன் மட்டும் ‘இருக்கேன்’ என்று கம்பியைக் கீழே இழுத்துக் காட்டிவிட்டு, தன் அளவைச் சொல்வான். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது.

அஸ்வின் கீழே இருந்த சென்சாரைப் பிடுங்கினான். திரையில் அறுபது. அதைச் செருகிவிட்டு மேலே இருந்ததைப் பிடுங்கினான். எண்பது. இரண்டையும் செருகினான். ஐம்பத்து மூன்று.

திருமலை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அறுபதும் எண்பதும் சேர்ந்தால் சராசரி எழுபதாவது வர வேண்டாமா, இரண்டுக்கும் கீழே எப்படிப் போகும் என்று தர்ஷினியைக் கேட்டார். தர்ஷினி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அப்போதும் ஐம்பத்து மூன்றுதான்.

சரோஜம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. பாலிஹவுஸின் மறுகோடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“மணி, வால்வ மூடிட்டியா?”

“மூடிட்டன்மா” என்று ஒரு குரலும், “இல்லைங்கம்மா” என்று ஒரு குரலும் ஒரே நேரத்தில் வந்தன. பிளாஸ்டிக் கூரையில் மோதிக் கலந்து வந்ததில் ‘இல்லை’ மட்டும்தான் காதில் நின்றது. சரோஜம்மாள் இன்னும் மூடவில்லையா என்று சத்தம் போட்டார். மூடியவன் மூடிவிட்டதாகக் கத்தினான். மூடாதவன் மன்னிப்புக் கேட்டான். இரண்டும் மறுபடி கலந்தன.

வரிசைகளுக்கு நடுவிலிருந்து இரண்டு பேர் வெளியே வந்தார்கள். ஒருவர் சாமல்பட்டி மணி, ஆறு வருடமாகத் தோட்டத்தில் இருப்பவர். மற்றவர் தளிப்பக்கத்து மணி, போன வாரம்தான் சேர்ந்திருக்கிறார். சாமல்பட்டி மணி கையில் வால்வின் பிடி. தளி மணி கையில் ஒன்றுமில்லை. வால்வு எங்கே இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. கூப்பிட்டதால் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

சரோஜம்மாள் இடுப்பில் கை வைத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது சரிப்படாது. தளிக்காரரே, உங்க கன்னடத்துல மணிக்கு என்ன?”

“கண்ட்டெ, அம்மா.”

“இன்னையிலருந்து நீ கண்ட்டெ. மணின்னா அவரு. புரிஞ்சுதா?”

தளி மணி ஒரு நொடி யோசித்தார். பெயர் பிடித்திருந்தது போலிருக்கிறது. தலையாட்டினார்.

அஸ்வின் தூணைப் பார்த்தான், கண்ட்டெயைப் பார்த்தான், மறுபடி தூணைப் பார்த்தான்.

“ரெண்டுக்கும் ஒரே நம்பரு” என்றான். “நாப்பத்தி நாலுன்னு கூப்பிட்டா ரெண்டும் ஒண்ணாப் பேசுது. ஒண்ணு ‘இருக்கு’ன்னும் இன்னொண்ணு ‘இல்ல’ன்னும் சொன்னா, இந்தக் கம்பியில ‘இல்ல’தான் ஜெயிக்கும். அதான் ரெண்டுக்கும் கீழ போகுது.”

இத்தனை வாக்கியத்தை ஒரே மூச்சில் அவன் பேசி தர்ஷினி கேட்டதில்லை. கணக்கைப் பார்ப்பதாகப் பாவனை செய்து லேப்டாப்பைத் திறந்தாள். பிறகு நிஜமாகவே பார்த்தாள். அறுபதுக்கான எண்ணையும் எண்பதுக்கான எண்ணையும் ஒன்றும் சுழியுமாகப் பிரித்து நோட்டில் ஒன்றின்கீழ் ஒன்று எழுதி, எதிலாவது சுழி இருக்கும் இடமெல்லாம் சுழி போட்டாள். ஐம்பத்து மூன்று வந்தது. நோட்டைத் திருமலையிடம் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, இதற்குத் திருஷ்டியே மேல் என்றார்.

ஒரு கேள்வி மிச்சமிருந்தது. சென்சார் ஒவ்வொரு முறையும் அளவோடு சேர்த்து ஒரு சோதனை எண்ணையும் அனுப்பும். பெட்டி அதைச் சரிபார்க்கும். ஒத்துப்போகவில்லை என்றால் அளவைத் தூக்கிப் போட்டுவிட்டு, இன்னொரு தடவை கேட்கும். மூன்று தடவை கேட்டும் சரியில்லை என்றால் திரையில் ‘பிழை’ என்று காட்டும். அந்த வரிகளை அஸ்வின்தான் எழுதியிருந்தான். இரண்டு பேர் கலந்து பேசினால் சோதனை எண் ஒத்துப்போகவே போகாது. திரையில் ஏன் பிழை வரவில்லை?

லேப்டாப்பை வாங்கித் தேடினான். வரிகள் இல்லை.

“புதன்கிழமை நான்தாண்ணே ஜெனரேட் பண்ணேன்” என்றாள் தர்ஷினி. “கம்பி நீளமாகுதுன்னு சார் சொன்னாரு. அதான் பஸ் வேகத்த நானூறுல இருந்து நூறாக் கொறச்சேன். பண்ணட்டுமான்னு ஒங்கட்ட கேட்டேன்ல?”

“நான் என்ன சொன்னேன்?”

அவள் உதட்டை மூடிக்கொண்டு, மூக்கால் ஒரு ‘ம்’ சொல்லிக் காட்டினாள். அச்சு அசல் அவன் குரல். திருமலை இருமினார்.

அந்த மென்பொருளின் வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். திரையில் சிப்பின் படம் வரும். எந்தக் கால் எந்த வேலைக்கு, பஸ்ஸுக்கு என்ன வேகம் என்று தேர்ந்தெடுத்து ‘ஜெனரேட்’ பொத்தானைத் தட்டினால் புரோகிராமின் பாதியை அதுவே எழுதிவிடும். நாம் எழுதிச் சேர்ப்பதற்கு அங்கங்கே வேலி போட்ட மாதிரி இடம் விட்டிருக்கும். ‘உன் வரிகள் இங்கே தொடக்கம்’, ‘இங்கே முடிவு’. வேலிக்குள் எழுதியதை அது தொடாது. வேலிக்கு வெளியே ஒரு வரி எழுதினாலும், அடுத்த முறை தட்டும்போது துடைத்துப் போட்டுவிடும். கேட்காது, சொல்லாது.

அந்தச் சோதனை வரிகளை அஸ்வின் வேலிக்கு வெளியே எழுதியிருந்தான். பழைய பிரதியைத் திறந்து தேதியைப் பார்த்தான். சுவேதாவின் காரியம் முடிந்து அவன் வேலைக்குத் திரும்பிய நாளின் தேதி. அன்று எதையாவது எழுதியதாகவே அவனுக்கு நினைவில்லை. எழுதியதில் தப்பும் இல்லை. இடம்தான் தப்பு. இந்தப் புதன்கிழமை வரை யாரும் ஜெனரேட்டைத் தட்டாததால் அது தெரியாமலே இருந்திருக்கிறது.

லேப்டாப்பை மூடிவிட்டு சரோஜம்மாளிடம் போனான்.

“தப்பு என்னோடதும்மா. ரெண்டு பேரு ரெண்டு விஷயம் கேட்டாங்க. காதுல வாங்காமலே ‘ம்’னுட்டேன்.”

திருமலை அவசரமாக அவன் பக்கம் நகர்ந்தார். வாடிக்கையாளரிடம் தப்பை ஒப்புக்கொள்வது அவர் கம்பெனியில் இதுவரை நடக்காதது. இதுமாதிரி நேரங்களில் கரண்ட் மேல் பழி போடுவதுதான் அவர் வழக்கம்.

சரோஜம்மாள் கத்தரியை மடக்கினார்.

“எங்கூட்டுக்காரரு முப்பத்திரண்டு வருசமா எல்லாத்துக்கும் ‘ம்’தான் சொல்றாரு. அவரக் கழட்டி வேன்லயா ஏத்திட்டன்?” என்றார். “ஆனா தம்பி, ரெண்டு மணி ரெண்டு மணிதான்.”

அப்போது பன்னிரண்டே முக்கால்.

சென்சாரின் நம்பரை மாற்றுவது பெரிய வித்தை அல்ல. அதன் முதுகில் நம்பருக்கென்று ஒரு குட்டிக் கால் இருக்கும். சும்மா விட்டால் நாற்பத்து நாலு. மின்சாரக் காலோடு சேர்த்துவிட்டால் நாற்பத்தைந்து. திருமலை வேனிலிருந்து சால்டரிங் அயர்னைக் கொண்டுவந்தார். பூக்கட்டும் ஷெட்டில் பிளக் இருந்தது. ரோஜாக் கட்டுகளை ஒதுக்கிவிட்டு, மேஜை ஓரத்தில் அஸ்வின் உட்கார்ந்தான். ஒயரிலிருந்து தலைமுடி போல ஒரு செம்பு இழையை உருவினான். கட்டுப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வெங்கடம்மா என்ற அக்கா, பக்கத்தில் இருந்தவளிடம் தெலுங்கில் ஏதோ சொல்ல, ஷெட்டே சிரித்தது. என்னவென்று திருமலை கேட்டார். இத்தனை பொறுமையாக யாராவது எனக்குக் கம்மல் மாட்டிவிட்டிருக்கிறார்களா என்று கேட்டாளாம்.

முதல் தடவை இழை நழுவியது. இரண்டாம் தடவை ஈயம் அதிகமாகி இரண்டு கால்களுக்குப் பதில் மூன்று கால்களைச் சேர்த்துவிட்டது. உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். பிடித்துக்கொண்டது.

சரோஜம்மாள் எட்டிப் பார்த்தார். “ஒரு பேர மாத்தறதுக்கு இம்மாம் நேரமா? நான் ஒரு வார்த்தையில மாத்திட்டன்” என்றார்.

புரோகிராமில் செய்ய வேண்டியதை அஸ்வின் சொல்லச் சொல்லத் தர்ஷினி தட்டினாள். நாற்பத்து நாலைக் கூப்பிடு, சோதி. நாற்பத்தைந்தைக் கூப்பிடு, சோதி. இரண்டின் சராசரியை எடு. எல்லாம் வேலிக்குள். முடித்ததும் அவள் மறுபடியும் ஜெனரேட் பொத்தானைத் தட்டினாள். எதற்கு என்று அவன் கேட்டான்.

“தொடைக்குதான்னு பாக்கத்தாண்ணே.”

துடைக்கவில்லை. வரிகள் வேலிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தன.

தூணில் மாட்டி, புரோகிராமைப் பெட்டிக்குள் ஏற்றியபோது ஒன்று ஐம்பது. திரையில் மேல் வரியில் ஐம்பத்தெட்டு. கீழ் வரியில் ‘பிழை’.

திருமலை நாற்காலி தேடினார். அங்கே இருந்த ஒரே நாற்காலியில் லேப்டாப்போடு தர்ஷினி உட்கார்ந்திருந்தாள். அஸ்வின் சால்டரிங்கைத் தடவிப் பார்த்தான். உறுதியாக இருந்தது. பிறகு தர்ஷினியின் தோளுக்கு மேலிருந்து வரிகளைப் படித்தான். இந்த மென்பொருளுக்கு நம்பரை அப்படியே கொடுத்தால் புரியாது, ஒன்றும் சுழியுமாகப் பிரித்து ஒரு இடம் தள்ளித்தான் கொடுக்க வேண்டும். நாற்பத்து நாலைத் தள்ளியிருந்தது. நாற்பத்தைந்தை அவசரத்தில் தர்ஷினி தள்ளவில்லை. பெட்டி ஊரில் இல்லாத யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

“தள்ளு” என்றான்.

தர்ஷினி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

“நீ இல்ல. நம்பர.”

அவள் உட்கார்ந்து நம்பரைத் தள்ளினாள். மறுபடி ஏற்றினாள். மேல் ஐம்பத்தெட்டு. கீழ் எழுபத்தாறு. சராசரி அறுபத்தேழு. கையால் மூடிய வால்வைத் திறக்கச் சொன்னார்கள். கண்ட்டெ போய்த் திறந்தார். இடம் இப்போது அவருக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர் பெட்டியின் வால்வு வரை வந்து நின்றது. பெட்டி திறக்கவில்லை. திறக்கவும் கூடாது, அறுபத்தேழுதானே. ஃபாகர் வாயை மூடிக்கொண்டிருந்தது. ஐந்து நாளாக இரைச்சலோடு இருந்த பாலிஹவுஸில் வெட்டிய காம்பு கூடையில் விழும் சத்தம் கேட்டது.

சரோஜம்மாள் கையில் கடிகாரம் இல்லை. திரும்பாமலே கேட்டார்.

“மணி, என்னாச்சு?”

“எனக்கு ஒண்ணும் ஆவலைங்கம்மா” என்றார் சாமல்பட்டி மணி.

“நேரத்தக் கேட்டன்யா.”

“ரெண்டு.”

“ரெண்டு மணி இருந்த காலம் போயிடுச்சு. இப்ப ஒண்ணுதான்” என்றார் சரோஜம்மாள். கண்ட்டெதான் முதலில் சிரித்தார்.

சரோஜம்மாள் அதோடு விடவில்லை. மூடியே கிடப்பதும் கோளாறுதானே என்றார். எல்லாரும் தூணைச் சுற்றி நின்றார்கள். வெயில் கூரையைச் சுட்டது. அறுபத்தாறு. அறுபத்தைந்து. அங்கேயே வெகுநேரம் நின்றது. திருமலை தன் வாழ்நாளில் எந்த எண்ணையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இரண்டு இருபதுக்கு அறுபத்து நாலு. டக் என்று வால்வு திறந்தது. ஃபாகர் முக்கால் நிமிடம் தூவியது. டக். மூடிக்கொண்டது.

சரோஜம்மாள் ஒரு மொட்டைத் தொட்டுப் பார்த்து, விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தார். ஈரம் இருந்தது. சொட்டு இல்லை.

“இருக்கட்டும்” என்றார்.

திருமலை அதற்குள் அடுத்த பாலிஹவுஸைப் பற்றிப் பேச வாயெடுத்தார். முதலில் பதினாலாந் தேதி போகட்டும் என்று சரோஜம்மாள் அடக்கிவிட்டார். ஏற்றுமதிக்கு ஆகாத பூவில் மூன்று கட்டு எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். ஐந்து நாள் குளித்த பூக்கள்.

திரும்பும்போது தர்ஷினியின் கட்டு லேப்டாப் மேலே இருந்தது. திருமலையின் கட்டு டேஷ்போர்டில். அஸ்வின் தன்னுடையதை மடியில் வைத்திருந்தான். ஏற்றுமதிக்கு ஆகாது, சுவேதாவின் படத்துக்கு ஆகும். சாலையோரத்தில் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

திருமலை கண்ணாடி வழியாக அவனைப் பார்த்து ஏதோ கேட்டார். காவேரிப்பட்டினம் என்பது மட்டும் அவன் காதில் விழுந்தது.

“ம்” என்றான்.

தர்ஷினி பேச்சை நிறுத்தினாள். திருமலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். வேன் தானாக வேகம் குறைந்து, ஒரு புளியமரத்தின் கீழே வந்து நின்றுவிட்டது. இருவரும் அவனையே பார்த்தார்கள்.

அஸ்வின் பூக்கட்டை மடியிலிருந்து சீட்டுக்கு மாற்றினான்.

“சரியா விழலைங்க சார்” என்றான். “இன்னொரு தடவ சொல்லுங்க.”

திருமலை என்ஜினை அணைத்துவிட்டு, முதலிலிருந்து சொன்னார்.